பதினேழாம் எண் சாவி

டிசம்பரில் பெய்ப்சி ஏரி உறைந்துவிடும்.
கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை.
அதற்குப் பிறகு எங்கள் ஊரில் அலையடிக்கும் தண்ணீர்
நீச்சல்குளத்தில் மட்டும்தான்.
நான் அங்கே சாவிக்காரி.
ரப்பர் பட்டையில் எண் தைத்த சாவிகளை
ஈரக் கைகளிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டுவேன்.
நாற்பது ஆணி. நாற்பதும் நிறைந்தால் வீட்டுக்குப் போகலாம்.

வியாழக்கிழமைகளில் முப்பத்தொன்பது.

பதினேழு, தாய்வோவுடையது.
ஒன்பது வயது. விழுந்த முன்பல்லின் சந்தில்
நாக்கை நுழைத்துச் சிரிப்பான்.
"பையனுக்குத் தனிப்பயிற்சி. நீங்கள் கிளம்புங்கள், ஹெல்யு."
பயிற்சியாளர் சொன்னார்.
ஊருக்கு மூன்று கோப்பைகள் வென்று தந்தவர்.
ரொட்டிக்கடையில் அவரிடம் காசு வாங்க மாட்டார்கள்.
நான் கிளம்பினேன்.
ஆறு இருபதுக்குப் பேருந்து.
பாருங்கள், இப்போதும்
பேருந்தைத்தான் முதல் சாட்சியாக அழைக்கிறேன்.

ஒரு வியாழன், பனியில் பேருந்து வரவில்லை.
திரும்பி வந்து முன்கூடத்தில் கால்களைத் தட்டிக்கொண்டு நின்றேன்.
ஏழு மணிக்கு வந்தான்.
தலை காய்ந்திருந்தது.
துண்டு, அம்மா மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் இருந்தது.
சாவியை என் கையில் தராமல் மேசைமேல் வைத்தான்.
வைத்துவிட்டுப் போகவில்லை.
நின்று என்னைப் பார்த்தான்.
நான் கேட்டேன்:
"தொப்பி எங்கே? சளி பிடிக்கப்போகிறது."

பதினோரு ஆண்டுகள் கழித்து மெர்லே வாய்திறந்தாள்.
அவள் எண் இருபத்திரண்டு.
பிறகு நான்கு, முப்பது, ஒன்பது,
கடைசியாக, யாரும் எதிர்பாராத நேரத்தில், பதினேழு.
தார்த்து நகர நீதிமன்றத்தில் என்னையும் கேட்டார்கள்.
பேருந்து ஆறு இருபதுக்கு என்றேன்.
அது பொய்யில்லை.

ஊர் இரண்டானது.
மெர்லேயின் அம்மா கட்டிய வெங்காயச் சரங்கள்
சாலையோரம் விற்காமல் முளைவிட்டன.
தேவாலயப் பாடற்குழுவில் அண்ணன் தம்பி இருவர்
இன்றும் எதிரெதிர் ஓரங்களில் நிற்கிறார்கள்.
கோப்பைகளை இரவோடிரவாக யாரோ அகற்றினார்கள்;
நகரமன்றச் சுவரில் மூன்று வெளிறிய வட்டங்கள்
அவற்றைவிட நன்றாகத் தெரிகின்றன.
குளத்தைப் பூட்டினோம்.
சதுரங்க வகுப்புக்கும் பிள்ளைகளை அனுப்பவில்லை.
வயலின் சொல்லித்தர வந்த இளைஞன்,
பாவம், ஒரு தவறும் அறியாதவன்,
கதவைத் திறந்தே வைத்துக் குளிரில் விரல் விறைத்து
பிப்ரவரிக்குள் ஊரைவிட்டுப் போனான்.

போன ஜூலையில் காஸ்பர்.
ஏழு வயது. பந்தைத் துரத்தி
ஏரியில் கழுத்தளவுக்குப் போய்விட்டான்.
கரையில் அவனோடொத்தவர்கள் பதினான்கு பேர்.
ஒருவருக்கும் நீந்தத் தெரியாது.
பெரியவர்கள் ஓடிவருவதற்குள் பந்து மட்டும் திரும்பியது.
அந்தப் பிள்ளை பிறந்தபோது
அவன் சிறையில் இருந்தான்.
ஆம், அவன்.
இத்தனை காலம் 'அவர்' என்றே சொல்லிவந்தேன்.
ஒரு விகுதியை மாற்ற எனக்கு ஒரு பிணம் வேண்டியிருந்தது.

தாய்வோவின் மனைவியைக் கடையில் பார்த்தேன்.
மரஅறுவை ஆலையில் நல்ல பெயராம்.
குளிக்கும்போது கதவைத் தாழிடமாட்டானாம்.
மகளுக்கு எட்டு மாதம்.
தொட்டியில் வெந்நீர் நிரப்புவான்,
முழங்கையால் சூடு பார்ப்பான்,
பிறகு அறைக்கு வெளியே போய் நின்றுகொள்வான்.
"நீயே குளிப்பாட்டு" என்பானாம்.
தன் கைகளைத் தானே நம்பாமல்.
உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.
எனக்கு எடைபோடத் தெரியவில்லை.

பதினேழு என்னிடம் இருக்கிறது.
ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டது.
மன்னிப்புக் கேட்கும் கடிதங்கள் நான்கு எழுதி
அடுப்பில் போட்டேன்; எல்லாவற்றிலும்
என் குளிர், என் கால், என் பேருந்து.
இது ஐந்தாவது.
நாளை இதே வார்த்தைகளை தார்த்துவில் எழுதிக் கையொப்பமிடுவேன்,
இனி அதற்குப் பயன் உண்டோ இல்லையோ.

தாய்வோ,
அன்று உன் தலை காய்ந்திருந்தது.
நான் பார்த்தேன்.